கதவு திறக்க ஒன்று, தூங்க ஒன்று

கேள்வி: எனக்கு வயது 48. திருச்சியில் இருக்கிறேன். ஆறேழு மாதமாக மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. நடு இரவில் உடம்பெல்லாம் கொதித்து, நைட்டி நனைந்து, எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். மகள் வாங்கித் தந்த சாட்டின் நைட்டி பார்க்க அழகு, ஆனால் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. "டி-ஷர்ட், பைஜாமா போட்டுக்கோம்மா" என்கிறாள். மாமியார் இன்றைக்கும் சேலையோடுதான் படுக்கிறார். பிரா போட்டுத் தூங்கினால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அவ்வப்போது வெள்ளைப்படுதலும் அரிப்பும் வேறு. எங்களுடையது கூட்டுக் குடும்பம். காலை ஐந்தரைக்குப் பால்காரர் வந்துவிடுவார். எதைத்தான் உடுத்திக்கொண்டு படுப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டவர் அந்தப் பால்காரர்தான்.

என்னிடம் வரும் பெண்களிடம் தூக்கம் பற்றிப் பேச்சு வந்தால், என்ன உடுத்திப் படுக்கிறீர்கள் என்று கேட்பது என் வழக்கம். "நைட்டிதான் டாக்டர்" என்பார்கள். உள்ளே? பிரா, ஜட்டி, அதற்கு மேல் இடுப்பில் இறுக்கிக் கட்டிய பாவாடை. ஏன் இவ்வளவு என்றால் பதில் அநேகமாக ஒன்றுதான்: "காலையில யார் வந்து நிப்பாங்கன்னு தெரியாதே." மாமனார் ஹாலில் படுத்திருப்பார், கொழுந்தன் தண்ணீர் குடிக்க எழுந்து வருவான், தண்ணீர் கேன் போடுகிற பையன் மணி அடிப்பான். கதவு திறக்கிற இரண்டு நிமிஷத்துக்காக ஏழு மணி நேரம் கட்டுண்டு கிடக்கிறோம். அந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிட்டால் உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

நம் பெண்கள் இதற்கு ஒரு வழியை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். நைட்டிக்கு மேலே தோளில் ஒரு துண்டு. கேலி செய்கிறவர்கள் செய்யட்டும், எனக்கு அது மிக நல்ல யோசனையாகவே படுகிறது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்து, கனமான காட்டன் துப்பட்டாவோ, முன்பக்கம் பட்டன் வைத்த மேலங்கியோ மாட்டி வையுங்கள். மணி அடித்தால் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு போங்கள். படுக்கும்போது உடம்பில் அது வேண்டாம்.

(2018-இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலப்பள்ளி என்ற கிராமத்தில், பகலில் நைட்டி அணிந்தால் 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் விதித்தது செய்தியானது. வெயில் கொளுத்தும் ஊரில் அதை ஏன் பெண்கள் கழற்ற மனமில்லாமல் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் ஒரு நாள் அணிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.)

இனி அந்தக் கொதிப்புக்கு வருவோம். இரவு நெருங்க நெருங்க நம் உட்சூடு குறைய வேண்டும், அப்போதுதான் தூக்கம் பிடிக்கும். அந்தச் சூட்டை உடம்பு தோல் வழியாக, முக்கியமாகக் கை கால்கள் வழியாக வெளியேற்றுகிறது. விடியலுக்குச் சற்று முன்புதான் சூடு மிகக் குறைவாக இருக்கும். மூளையில் இதைக் கவனித்துக்கொள்ளும் பகுதி, சாதாரண நாட்களில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அந்தப் பொறுமை போய்விடுகிறது. போர்வை கொஞ்சம் கனமாக இருந்தால் போதும், ஏதோ பெரிய சூடு வந்துவிட்டதுபோல் தோலின் ரத்தக்குழாய்களைத் திறந்து, வியர்வையைக் கொட்டவிடுகிறது. சில நிமிஷத்தில் அடங்கிவிடும். ஆனால் அதற்குள் உடை நனைந்து, மின்விசிறிக் காற்று பட்டு, அடுத்து குளிர் எடுக்கும். ஆக, நீங்கள் உடையிடம் கேட்க வேண்டியவை மூன்று: சூட்டை அடைக்கக் கூடாது, வியர்வையை உறிஞ்ச வேண்டும், சீக்கிரம் காய வேண்டும்.

உங்கள் மகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கருமுட்டை வெளியான பிறகு வரும் இரண்டு வாரங்களில் புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் காரணமாக உடல் சூடு 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடியிருக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளினால், கோபத்தில் அல்ல.

சாட்டின் என்பது நூலின் பெயர் இல்லை, நெசவின் பெயர். பட்டிலும் சாட்டின் நெய்யலாம், பருத்தியிலும் நெய்யலாம். ஆனால் நம் கடைகளில் சாட்டின் நைட்டி என்று தொங்குவது பெரும்பாலும் பாலியெஸ்டர். சாதாரண அறைக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். வியர்வை போக இடமில்லாமல் தோலுக்கும் துணிக்கும் நடுவே நிற்கிறது. முதுகில் ஒட்டுவது அதனால்தான். மகள் ஆசையாக வாங்கியது வீணாக வேண்டாம், ஏசி அறையில் படுக்கிற அவளே போட்டுக்கொள்ளட்டும்.

அதற்காகப் பருத்தி என்றாலே நல்லது என்று முடித்துவிடவும் முடியாது. தடித்த பாப்ளின் வியர்வையை நன்றாகக் குடிக்கும், ஆனால் நனைந்தால் காய நேரமெடுக்கும். உங்களுக்கு வருவது திடீர் வியர்வை என்பதால் மெல்லிய மல் துணி பொருந்தும். நெஞ்சுப் பகுதியில் இரட்டைத் துணி வைத்துத் தைத்ததாகவோ, அடர் நிறத்தில் பூப்போட்டதாகவோ பார்த்து வாங்கினால் மெலிதாக இருக்கிறதே என்ற கூச்சமும் இருக்காது. சுங்குடி நைட்டி நல்ல தேர்வுதான், சாயம் மட்டும் முதல் சில துவைப்புகளில் போகும், தனியாக நனையுங்கள். ரயான் பருத்தியைவிட அதிகமாகவே ஈரம் இழுக்கும், உடம்பில் வழுக்கிக்கொண்டு விழும், சுகமாக இருக்கும். ஆனால் ஈரத்தில் வலுவிழக்கும், அடித்துத் துவைத்தால் சீக்கிரம் கிழியும். பனியன் துணியில் தைத்தது இழுத்த இழுப்புக்கு வரும், ஆனால் உடம்பைப் பிடிக்காத அளவில் வாங்க வேண்டும்.

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். வாங்கிய அன்றே போட்டுப் பார்த்துவிட்டு "காட்டன்கூட உறுத்துகிறது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒன்றிரண்டு முறை அலசிய பிறகுதான் அது தண்ணீரை ஒழுங்காக உறிஞ்சும். சுருங்கவும் செய்யும். கணுக்கால்வரை வந்த 54 அங்குல நைட்டி ஒன்று, முதல் துவைப்புக்குப் பிறகு என் முக்கால் கால் அளவுக்கு ஏறி நின்றது. அதிலிருந்து ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குகிறேன்.

"ப்யூர் காட்டன்" என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்ப முடியவில்லையா? உள்மடிப்பைப் பிரித்துத் துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவுங்கள். தையல் நூலை உருவக் கூடாது, அது பருத்தி நைட்டியிலும் பாலியெஸ்டராக இருக்கும். இழையை இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துப் பற்ற வையுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல் மிஞ்சும். பாலியெஸ்டர் சுருண்டு உருகும், கறுப்பாகக் கடுகுபோல ஒரு கட்டி நிற்கும், நசுக்கினால் நசுங்காது. கலப்புத் துணியில் சாம்பலும் கட்டியும் சேர்ந்து வரும். ஆறிய பிறகு தொடுங்கள்.

நெருப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இரவு போட்ட நைட்டியோடு அப்படியே அடுப்படிக்குப் போகிற வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. தளர்ந்த பருத்தி சட்டென்று பற்றும். பாலியெஸ்டரோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எந்தத் துணி என்றாலும், தொங்கும் கையும் அகலமான கீழ்ப்பகுதியும் கேஸ் அடுப்புக்கு ஆகாது. டீ போடுவதற்கு முன் மாற்றிக்கொள்வதுதான் நல்லது.

டி-ஷர்ட், பைஜாமா விஷயத்தில் மகள் சொல்வது தப்பில்லை. ஒரு வசதியும் உண்டு: நனைந்தால் மேல்சட்டையை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் இடுப்பு எலாஸ்டிக் காலையில் தோலில் தடம் பதித்திருந்தால் அது இறுக்கம். மேலே டி-ஷர்ட், கீழே தளர்ந்த காட்டன் பாவாடை என்று படுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும் கால் பாதம் போர்வைக்கு வெளியே இருக்கட்டும். மாற்று உடை ஒன்றையும் சிறு துண்டையும் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் பீரோவைத் திறந்து தேடினால், போன தூக்கம் போனதுதான்.

வாட்ஸ்அப் சமாசாரம் பொய். பிரா அணிவதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தினர், மாதவிடாய் நின்ற பெண்களிடையே ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், கம்பி வைத்ததா, எந்த வயதில் தொடங்கினார்கள் என்றெல்லாம் கேட்டும், தொடர்பு எதுவும் தென்படவில்லை. இரவில் போடாவிட்டால் மார்பு தொங்கிவிடும் என்பதும் அதே ரகம். அதைத் தீர்மானிப்பவை வயது, பிரசவங்கள், உடல் எடை, பரம்பரை. ஆக நோய்க்குப் பயந்து கழற்றவும் வேண்டாம், அழகுக்காகப் போடவும் வேண்டாம். வியர்க்கிற உங்களுக்கு மார்பின் அடிமடிப்பில் ஈரம் தங்கிப் புண்ணாகும் என்பதால் கழற்றிவிட்டுப் படுப்பதே மேல். கனத்தால் அசௌகரியம் என்றால் மெல்லிய பனியன் துணி ஸ்லிப் போதும். வீட்டில் பாலூட்டும் பெண் யாராவது இருந்தால், இரவில் இறுக்கமான பிரா அவளுக்கு ஆகாது, பால் கட்டிக்கொள்ளும்.

ஜட்டி இல்லாமல் படுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்க நினைத்திருப்பீர்கள். தாராளமாகப் படுக்கலாம். மாதவிடாய் நாட்களில் பேடு நிற்பதற்கு வேண்டும், மற்ற நாட்களில் தேவையில்லை. போட்டுக்கொள்வதானால் பருத்தி, தொடை இடுக்கை அழுத்தாதது.

ஆனால் உடையை மாற்றினாலே அரிப்பு போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். தயிர் திரிந்தாற்போல் வெள்ளைப்பட்டு அரித்தால் கேண்டிடா என்ற காளானாக இருக்கலாம், அது அடிக்கடி வந்தால் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைவால் வரும் வறட்சியும் அரிக்கும். தொடை இடுக்கில் வட்டமாகத் தடித்தால் படர்தாமரை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற களிம்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், அப்புறம் படர்தாமரை இரட்டிப்பாகப் பரவும். சாதாரண மருந்துக்கு அசையாத படர்தாமரை நம் நாட்டில் இப்போது பெருகிக் கிடப்பதற்கு இந்தக் களிம்புகளும் ஒரு காரணம். உள்ளே சோப்பு போட்டுக் கழுவுவதையும் விட்டுவிடுங்கள்.

இரவு வியர்வை எல்லாமே மாதவிடாய் நிற்பதால் வருவதும் அல்ல. கூடவே காய்ச்சல், எடை குறைவு, விடாத இருமல் இருந்தால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படபடப்பும் கை நடுக்கமும் இருந்தால் தைராய்டு. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் வியர்க்க வைக்கும். மாதவிடாய் முழுதாக ஓராண்டு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இந்தச் சூட்டு அலை ஓரிரு வருஷத்தில் போய்விடும் என்பார்கள், பலருக்கு நீளும். மெல்லிய நைட்டிக்குப் பிறகும் தூக்கம் கெட்டால் இதற்கு ஹார்மோன் சிகிச்சையும் உண்டு, ஹார்மோன் இல்லாத மருந்தும் உண்டு. உங்கள் ரத்த அழுத்தம், குடும்ப நோய்கள் எல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டியது அது.

கடைசியாக உங்கள் மாமியார். சேலையோடு படுப்பதில் தப்பே இல்லை. பழகிய, பழைய காட்டன் சேலைக்கு ஈடாக ஒரு நைட்டியும் கிடையாது. எனக்குக் கவலை பாவாடை நாடாதான். பகலெல்லாம் இறுக்கிக் கட்டி, இரவிலும் அப்படியே படுத்தால், மெல்லிய கயிறு ஒரே இடத்தில் வருடக்கணக்காக அழுத்தும். முதலில் தோல் கறுக்கும், பிறகு தடிக்கும், சிலருக்கு உரிந்து புண்ணாகும். ஆறாத புண் பல ஆண்டுகள் கழித்து, மிக அரிதாக, தோல் புற்றுநோயாக மாறியதும் உண்டு. வேட்டி கட்டியவர்களிடம் இதைக் கண்டு 1940-களிலேயே இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2024-இல் மகாராஷ்டிராவிலிருந்தும் பிகாரிலிருந்தும் மருத்துவர்கள் இரண்டு வயதான பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் சேலைக்குள் பாவாடையை இறுகக் கட்டி வந்தவர், மற்றவர் பாவாடை இல்லாமல் சேலையையே இடுப்பில் இறுகக் கட்டி வந்தவர்.

இந்த வயதில் நைட்டி போடுங்கள் என்று அவரிடம் போராட வேண்டாம். படுக்கப் போகும்போது நாடாவை அவிழ்த்து, விழாத அளவுக்குத் தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள். நாடாவுக்குப் பதில் மூன்று விரல் அகலத்தில் துணிப்பட்டை வைத்துத் தைத்துக் கொடுக்கத் தெருமுனைத் தையல்காரருக்குப் பத்து நிமிஷம் ஆகும். கொசுவம் தரையில் தவழாமல் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், இரவில் பாத்ரூம் போகும்போது தடுக்கி விழாமல் இருக்க. அப்புறம் ஒரு நாள் அவர் குளித்துவிட்டு வரும்போது இடுப்பைச் சுற்றி நல்ல வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கறுத்த தடம் மட்டும் என்றால் தேங்காய் எண்ணெயும் தளர்ந்த கட்டும் போதும். ஆறாத புண் ஏதாவது இருந்தால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாமல் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.