சர்க்கரை நோய் உள்ளவருக்கு வசதியான, அளவான செருப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தொண்டியில் இருக்கும் தம் தந்தைக்காக ஒரு மகள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். தந்தைக்கு 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கடையில் எந்தச் செருப்பைப் போட்டுப் பார்த்தாலும் "இதுவே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி எழுந்துவிடுகிறார்; ஒரு மாதம் போவதற்குள் சுண்டு விரல் ஓரத்தில் தோல் உரிந்துவிடுகிறது. எது வசதி என்று அவருக்கே தெரியாதபோது நான் எப்படித் தேர்ந்தெடுப்பது என்கிறார் அந்த மகள்.

நான் மருத்துவம் படித்தவன் அல்ல. பாம்பனில் மீன் கொள்முதல் செய்யும் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். எனக்கு 14 ஆண்டுகளாகச் சர்க்கரை. கடலில் பாசி எடுக்கப் போகும் என் அக்காவுக்கு அதற்கும் முன்பிருந்தே. எங்கள் இருவர் கால்களும் பட்ட பாட்டிலிருந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் தந்தையார் பொய் சொல்லவில்லை. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களில் பலருக்குப் பாத நரம்புகள் விரல் நுனியில் தொடங்கி மேல்நோக்கி மெல்ல மெல்ல உணர்வை இழக்கின்றன. அப்படி மரத்துப்போன காலுக்கு அளவான செருப்பு தொளதொளவென்று இருப்பதுபோலத் தோன்றும். விரலை நெரிக்கிற செருப்புதான் காலைப் பிடித்து நிற்பதுபோலத் தெரியும். 2019-இல் அக்கா மகள் திருமணத்துக்கு நான் வாங்கிய ஷூவும் அப்படித்தான் இருந்தது. கடையில் பெரிய அளவைக் கழற்றி வைத்துவிட்டு, ஓர் அளவு சிறியதை நானே கேட்டு வாங்கினேன். மண்டபத்தில் நாள் முழுவதும் நின்றேன். ஒரு சிறு வலிகூட இல்லை. இரவில் காலுறையைக் கழற்றியபோது அது சுண்டு விரலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இரத்தம் உறைந்து துணியைப் பிடித்திருந்தது. அந்தப் புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின.

அதன் பிறகுதான் ஒரு மருத்துவர் என் கண்களை மூடச் சொல்லி, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுச் சோதித்தார். "தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள்" என்றார். அவர் இன்னும் தொடங்கவில்லை என்று எண்ணி நான் காத்திருந்தேன். அதற்குள் கட்டைவிரலிலும் முன்பாதத்திலும் அவர் தொட்டு முடித்திருந்தார். செருப்பு வாங்கும் முன் உங்கள் தந்தையாருக்கு இந்தச் சோதனையை ஒரு மருத்துவரிடம் செய்துவிடுங்கள். பாதத்தில் இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று நாடி பார்த்துச் சொல்லும்படியும் கேளுங்கள். உணர்வு குறைந்திருந்தால், அன்று முதல் செருப்பின் அளவை அவருடைய காலிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, உங்கள் கண்ணிடமும் கையிடமும் ஒரு தாளிடமும் கேட்க வேண்டும்.

தாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு உதவியவற்றுள் முதன்மையானது அதுவே. பகலெல்லாம் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில்தான் அளக்க வேண்டும். ஒரு கெட்டித் தாளைத் தரையில் வைத்து, அதன்மேல் அவரை நேராக நிற்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி வரைந்தால் பாதம் விரியாது, அளவு குறைந்துவிடும். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்து இரண்டு கால்களையும் வரையுங்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே அளவாக இருப்பது அரிது. மிக நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூட்டிக் கத்தரித்துக்கொள்ளுங்கள். நீளமான விரல் சிலருக்குக் கட்டைவிரல் அல்ல, அடுத்த விரல் என்பதையும் கவனியுங்கள். கடையில் செருப்பைக் காலில் போடுவதற்கு முன் இந்தத் தாளை உள்ளே நுழைத்து விரித்துப் பாருங்கள். தாள் எங்கே மடிகிறதோ அங்கேதான் புண் வரும். அந்தத் திருமண ஷூவுக்குள் பின்னாளில் இந்தத் தாளை நுழைத்துப் பார்த்தேன். சுண்டு விரல் பக்கத்தில் அரை விரற்கடைக்குமேல் மடிந்து எழும்பி நின்றது. புண் வந்த இடமும் அதுவேதான்.

தாள் நீளத்தையும் அகலத்தையும் காட்டுமே தவிர உயரத்தைக் காட்டாது. விரல்கள் கொக்கிபோல வளைந்திருந்தால் மேற்பக்கம் உரசும். அப்படிப்பட்டவர்களுக்கு முன்பகுதி உயரமாக இருக்கும் செருப்பு வேண்டும். அடுத்து, கையை உள்ளே விட்டு விரல்களால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். தையல் முடிச்சு, ஆணி முனை, பசை கட்டியாகக் காய்ந்த இடம் எது தட்டுப்பட்டாலும் அந்தச் செருப்பு வேண்டாம்.

கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் வார் போகும் செருப்பை அறவே தவிர்த்துவிடுங்கள். அந்த இடத்தில் அது அறுப்பது ஒரு பக்கம் இருக்க, அதைப் பிடித்துக்கொள்ள விரல்களை மடக்கி மடக்கி நடப்பதால் விரல் நுனிகளிலும் அழுத்தம் ஏறுகிறது. மரத்த காலிலிருந்து அது கழன்று விழுந்தாலும் தெரியாது. என் அக்கா ஒரு நாள் பாம்பன் கடைத்தெருவிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். மற்றொன்று எங்கே என்று நாங்கள் கேட்ட பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. குதிகாலைச் சுற்றிப் பின்வார் இருக்க வேண்டும். வீக்கத்துக்கு ஏற்றாற்போலத் தளர்த்தவும் இறுக்கவும் ஒட்டும் பட்டை இருந்தால் நல்லது. குதி உயரம் வேண்டாம்.

அடிப்பகுதி இரண்டு அடுக்காக இருக்க வேண்டும்: காலை ஒட்டி மெத்தென்ற அடுக்கு, தரையை ஒட்டிக் கெட்டியான அடுக்கு. மேலடுக்குக்குக் கடைகளில் எம்.சி.ஆர். என்று சொல்லும் நுண்துளை ரப்பர் ஏற்றது. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டவுடன் மேலெழும்ப வேண்டும். மலிவான பஞ்சு அட்டைகள் முதல் வாரம் சுகமாக இருந்து, பின்பு அமுங்கியபடியே தங்கிவிடும். செருப்பை இரு கைகளாலும் வளைத்துப் பார்த்தால் விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும், நடுப்பாதத்தில் மடங்கக் கூடாது.

இந்த ரப்பர் செருப்பின் பின்னே நம் தமிழ்நாட்டு வரலாறு ஒன்று இருக்கிறது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்விரல்கள் குறைந்து போவதற்கு வலி தெரியாமல் காயத்தின் மேலேயே நடந்துகொண்டிருப்பது பெருங்காரணம் என்று கண்டார். அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பும் மென்ரப்பர் செருப்புகள் அந்த முயற்சியில்தான் வளர்ந்தன. 1960-களில் அமெரிக்காவுக்குச் சென்றபின் அதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் அவர் பயன்படுத்தினார். இதை நான் சொல்வதற்குக் காரணம், என் அக்கா இந்தச் செருப்பை ஓராண்டுக்கும் மேலாக மறுத்தார். "அந்த நோய்க்காரங்க போடுற செருப்புன்னு ஊருல சொல்லுவாங்க" என்றார். உங்கள் தந்தையாரும் அப்படித் தயங்கினால் கோபப்படாதீர்கள். இப்போது பார்வைக்குச் சாதாரணச் செருப்புப் போலவே பல வகைகள் கிடைக்கின்றன. எனக்கு 900 ரூபாய்க்குக் கிடைத்தது. வெளித்தோற்றம் அவருக்குப் பிடித்ததாக இருப்பது முக்கியம், ஏனென்றால் திண்ணைக்குக் கீழே கிடக்கும் செருப்பு யாருடைய காலையும் காப்பதில்லை.

கெட்டியான கீழடுக்கை நம் மாவட்டத்துக்காக நான் தனியாக வற்புறுத்துகிறேன். ராமநாதபுரம் கரையில் சீமைக் கருவேல முள் இல்லாத பாதை எது? மென்மையான ரப்பரை மட்டும் நம்பினால் அந்த முள் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கிவிடும். அக்காவின் பழைய ரப்பர் செருப்பில் ஒருமுறை அப்படி ஏறிய முள்ளின் அடிப்பகுதி ஒடிந்து மண்ணோடு மண்ணாகத் தேய்ந்திருந்தது. வெளியே பார்த்தால் ஒரு கரும்புள்ளி மட்டுமே தெரிந்தது. முனையோ உள்ளே நெல்மணி நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாட்கள் அதன்மேல் நடந்திருக்கிறார். குறடு கொண்டு நான் அதைப் பிடுங்கியபோது, பாதத்தில் அதே இடத்தில் சுற்றிலும் வெளுத்த ஒரு துளை இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் செருப்பு போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவி, அடியைத் திருப்பிப் பார்த்த பிறகே காலை நுழைக்கிறோம். கடற்கரை வீடுகளில் முள்ளோடு சிப்பித் துண்டும் உண்டு.

கடல் வேலைக்கும் வீதிக்கும் ஒரே செருப்பு போதாது. உப்புநீரில் நனைந்து காய்ந்த வாரில் உப்புப் பூத்துவிடுகிறது; அது உப்புத்தாள் போலத் தோலை அராவும். தண்ணீரில் இறங்குபவருக்கு, விரல்களை மூடிய, அடி தடித்த, துணியோ தோலோ இல்லாத தனிச் செருப்பு ஒன்று இருக்கட்டும். கரையேறியதும் அதை நல்ல தண்ணீரில் அலசிக் காய வைத்து, காலையும் கழுவி, விரல் இடுக்குகளை ஒற்றித் துடைத்த பிறகு வேறு செருப்புக்கு மாற வேண்டும். ஊறிய தோல் எளிதில் உரியும், இடுக்கில் சேற்றுப்புண்ணும் வரும். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணிபவர்களும் உள்ளே பருத்திக் காலுறை அணிந்து, அது நனைந்ததும் மாற்ற வேண்டும். காலுறையின் மேல்விளிம்பு இறுக்கக் கூடாது. வெள்ளை நிறமாக இருந்தால் கசிவும் இரத்தமும் உடனே கண்ணில் படும்.

வெறுங்கால் நடைதான் எங்கள் பக்கம் பெரிய சிக்கல். வள்ளத்தைத் தள்ளும்போதும், கரைவலை இழுக்கும்போதும், வீட்டுக்குள்ளும் செருப்பு அணியும் வழக்கம் இல்லை. தனுஷ்கோடி மணலில் உச்சிவெயிலில் நல்ல கால்களே துள்ளும். மரத்த கால் நிதானமாக நடந்து வந்து கொப்புளத்தோடு நிற்கும். கோயிலிலும் தர்காவிலும் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும், அதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் வெயில் ஏறும் முன் போகிறோம். வாசல் வரை செருப்போடு போய், திரும்பியதும் பாதத்தைப் பார்க்கிறோம். இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களும் ஆடுவதென்றால் ஈரக் கல்தரையில் நெடுநேரம் நடக்க வேண்டும் என்பதால், பாதத்தில் சிறு வெடிப்பு இருந்தாலும் அன்று வேண்டாம்.

புதுச் செருப்பை முதல் நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பழக்குங்கள். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்துக்குப் பிறகும் மறையாமல் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அந்தச் செருப்பு அவருக்கு ஆகாது. பழுதானால் பசையும் தையலும் போட்டுச் சரிசெய்யலாம்; ஆணி அடிக்க விடாதீர்கள். மேலடுக்கில் விரல்களின் குழி நிலையாகப் பதிந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஏற்கெனவே புண் இருந்தால் எந்தச் செருப்பும் அதை ஆற்றாது. மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்காமல் அன்றே நடப்பதைக் குறைத்து மருத்துவமனைக்குப் போங்கள், ஏனென்றால் உள்ளே எலும்பும் மூட்டும் சிதைந்துகொண்டிருக்கலாம். கால் ஆணியை பிளேடால் சீவுவதும், மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டிக் கரைப்பதும் ஆபத்து. விரல் எடுக்கப்பட்டிருந்தாலோ பாதத்தின் வடிவம் மாறியிருந்தாலோ கடைச் செருப்பு பொருந்தாது. அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருபவர் வந்தால், தந்தையாரின் பாதத்தையும் ஒருமுறை அவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

எந்த நிறுவனத்தின் செருப்பு என்றும் கேட்டிருந்தீர்கள். நான் பெயரைவிடத் தாளையே நம்புகிறேன். அக்காவின் கால் வரைந்த தாள்கள் மூன்று எங்கள் வீட்டு நாள்காட்டிக்குப் பின்னால் இருக்கின்றன. 2021-இல் வரைந்ததன்மேல் இந்த ஆண்டு வரைந்ததை வைத்தால், கட்டைவிரல் அடுத்த விரலை நோக்கிச் சாய்ந்து, முன்பாதம் ஒரு விரற்கடையில் கால் பங்கு அகன்றிருப்பது தெரிகிறது. ஆகவே பழைய செருப்பின் எண்ணைச் சொல்லி வாங்காதீர்கள். வாங்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்து, மதுரைக்கோ ராமநாதபுரத்துக்கோ யார் கடைக்குப் போனாலும் அந்தத் தாளைக் கொடுத்தனுப்புங்கள்.