'ஷூட்!' என்றால் யாரைச் சுடுவது?

கேள்வி: கோப்பு திறக்காவிட்டால் எங்கள் அமெரிக்க மேலாளர் 'ஷூட்!' என்கிறார். சில நேரம் 'டார்ன்', 'ஹெக்'. இவை கெட்ட வார்த்தைகளா? நானும் சொல்லலாமா?
வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்: கெட்ட வார்த்தை நாக்கு நுனி வரை வந்து, கடைசி நேரத்தில் வழி மாறினால் பிறப்பவை இவை. முதல் ஒலியை வைத்துக்கொண்டு மிச்சத்தை மாற்றிவிடுவார்கள். 'டேம்' என்பது 'டார்ன்', 'ஹெல்' என்பது 'ஹெக்'. 'ஷூட்' எதை மறைக்கிறது என்பதை அந்த 'ஷ'வே காட்டிக்கொடுக்கும். "அட சனி..." என்று தொடங்கி, பிள்ளை நிற்பதைப் பார்த்ததும் "அட சட்னி கொட்டிப்போச்சே" என்று முடிப்பதுபோலத்தான்.

கடவுள் பெயரை வீணில் சொல்லும் அச்சத்தால் வந்தவை தனி. 'காட்' 'காஷ்' ஆனது. 'ஜீசஸ்' 'ஜீஸ்' ஆனது. நாடக மேடையில் இறைவன் பெயரை விளையாட்டாக எடுத்தால் 10 பவுண்டு அபராதம் என்று இங்கிலாந்தில் 1606-இல் சட்டமே போட்டார்கள்!

பிரிண்டர் தாளை விழுங்கினால் நீங்களும் 'ஷூட்', 'டார்ன்' சொல்லலாம். மின்னஞ்சலில் எழுதாதீர்கள். பக்தியுள்ள கிறிஸ்தவர் முன் 'ஜீஸ்' வேண்டாம். "ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்றதற்கு மேலாளர் 'ஷூட்' என்றால், 'கேளுங்கள்' என்று பொருள், பயப்படாதீர்கள்.

பலர் சறுக்குவது 'ஃபார் குட்னஸ் சேக்' என்பதில். சொற்கள் சாதுவானவை, ஆனால் 'இன்னும் எத்தனை தடவை சொல்வது?' என்ற கடுப்பு அதில் இருக்கும். கணினியைப் பார்த்துச் சொல்லுங்கள், முதலாளியைப் பார்த்து வேண்டாம்.

கேள்வி: புக்கிட் பிந்தாங்கில் ஹோட்டல் வரவேற்பு வேலை. பை தொலைந்த ஆங்கிலேய விருந்தினருக்கு இரக்கப்பட்டு 'த்சு த்சு' என்றேன். முகம் சுளித்துவிட்டார். ஏன்?
வாசகர், செந்தூல்

பதில்: பாவம் பார்த்து உச்சுக் கொட்டுவது நம் வழக்கம். நாக்கைப் பல்லுக்குப் பின்னால் ஒட்டி இழுக்கும் அதே ஒலி, ஆங்கிலேயர் காதில் கண்டிப்பு. 'இப்படியா அசட்டையாக இருப்பது?' என்று நீங்கள் கேட்டதாக எடுத்துக்கொண்டிருப்பார். அங்கே 'ஓ டியர்' சொல்லுங்கள்; 'டியர்' வரும்போது குரல் இறங்கட்டும். பின்னாலேயே 'ஐ'ம் சாரி டு ஹியர் தட்'. 'ஊப்ஸ்' கூடவே கூடாது. அது காப்பி சிந்தியதற்குச் சொல்வது. அடுத்தவர் பாஸ்போர்ட் போனதற்கு அல்ல.

கேள்வி: 'பிளடி' இப்போது சாதாரணம்தானே?
வாசகர், ஜெலுத்தோங்

பதில்: 1914-இல் லண்டன் மேடையில் நாயகி இதைச் சொன்னதே ஊர்ப்பேச்சானது. இன்று பிரிட்டனில் முனை மழுங்கிவிட்டது. ஆனாலும் மழையைத் திட்டினால் சலிப்பு, ஆளைத் திட்டினால் வசை. நம் ஊரில் பெரும்பாலும் அடுத்த சொல் 'ஃபூல்' என்பதால், விட்டுவிடுங்கள்.

கேள்வி: 'ஐயோ' என்றால் ஆங்கிலேயருக்குப் புரியுமா?
வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 2016-இல் ஏறிவிட்டது, 'ஐயோ' போன்ற மலாய்ச் சொல்லான 'அலாமாக்' 2025-இல். லண்டன்காரர் அகராதியைப் புரட்டிவிட்டா போன் எடுப்பார்? அவரிடம் 'ஓ நோ' போதும்.