வேறு மாநிலப் பதிவெண்ணுடன் எத்தனை நாள் ஓட்டலாம்?

கேள்வி: 2021 மார்ச்சில் பெங்களூருவில் கார் வாங்கினேன். கே.ஏ. 51 என்று தொடங்கும் பதிவெண். ஆயுட்கால வரியை அங்கேயே முழுமையாகக் கட்டிவிட்டேன். பத்து மாதங்களுக்கு முன் வேலை மாறி, கோயம்புத்தூரில் பெற்றோருடன் குடியேறிவிட்டேன். வங்கிக் கடனில் இன்னும் தவணைகள் பாக்கி இருக்கின்றன. சென்ற வாரம் வாகனச் சோதனையில் நிறுத்திய அலுவலர், தமிழ்நாட்டில் வரி கட்டாமல் ஓட்டக்கூடாது என்று எச்சரித்து அனுப்பினார். இந்தியா முழுவதும் செல்லும் பதிவு இருக்கும்போது மறுபடியும் ஏன் வரி கட்ட வேண்டும்? அடிக்கடி மாநிலம் மாறுபவர்களுக்கான பி.எச். (பாரத்) வரிசை எண்ணுக்கு மாறிவிட்டால் இந்தச் சிக்கல் தீருமா?

பதில்: உங்கள் வாதமும் சரி, அலுவலர் சொன்னதும் முற்றிலும் தவறல்ல. வண்டியின் பதிவு வேறு, வண்டிக்கான வரி வேறு. இரண்டும் ஒரே அலுவலகத்தில், ஒரே நாளில் முடிந்துவிடுவதால் நாம் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். உங்கள் குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பதிவைப் பொறுத்தவரை, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு எந்த மாநிலத்திலும் மறுபடி பதிவு செய்யத் தேவையில்லை என்றும், அந்தப் பதிவு நாடு முழுவதும் செல்லும் என்றும் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றைக் காட்டிய பின்னும் ‘இது கர்நாடகப் பதிவு, இங்கே செல்லாது’ என்று ஒருவர் கூறினால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. வரியின் கதை வேறு. மோட்டார் வாகனங்கள் பற்றிய சட்டமும், அவற்றின் மீதான வரிக்கான கொள்கைகளும் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் 35ஆவது இனமாக இருக்கின்றன. ஆனால் வாகன வரியை விதித்து வசூலிக்கும் அதிகாரம் மாநிலப் பட்டியலின் 57ஆவது இனத்தில் மாநிலங்களிடம் இருக்கிறது. ஆகவே கர்நாடக அரசுக்கு நீங்கள் கட்டிய ஆயுட்கால வரி, கர்நாடகச் சாலைகளில் அந்த வண்டி ஓடுவதற்காக அந்த மாநிலம் வாங்கிக்கொண்ட தொகையே தவிர, தமிழ்நாட்டுக்கும் சேர்த்துக் கட்டியதாக ஆகாது. தனியார் கார்களுக்கு ஒரு மாநிலம் வாங்கிய ஆயுட்கால வரியை மற்றொரு மாநிலம் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. வாடகை வண்டிகள், பேருந்துகள், லாரிகள் போன்றவற்றின் பர்மிட்டுக்குத்தான் 88ஆவது பிரிவின்கீழ் இரு மாநிலங்கள் பரஸ்பர ஒப்பந்தம் செய்துகொள்ள முடியும்; உங்கள் கார் அந்த வகையில் வராது.

இனி உங்களை நேரடியாகத் தொடுகிற கெடுவுக்கு வருவோம். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டிருந்தால், அதன் உரிமையாளர் புதிய பதிவெண் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 47ஆவது பிரிவு. இங்கே ‘வைக்கப்பட்டிருத்தல்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஓசூரில் வீடு வைத்துக்கொண்டு டி.என். 70 பதிவெண் காரில் தினமும் அத்திப்பள்ளி வழியாக பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் இரவு வீடு திரும்புபவரின் கார் தமிழ்நாட்டில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் பத்தாண்டுகள் அப்படிப் போய்வந்தாலும் இந்தப் பிரிவின்படி பதிவெண்ணை மாற்ற வேண்டியதில்லை. அத்தகையவர்கள் சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் பதிவுகளையும், ஊரில் செய்த சர்வீஸ் ரசீதுகளையும் எடுத்து வைத்திருப்பது நல்லது. வண்டி எங்கே இரவு தங்குகிறது என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது. உங்கள் நிலைமை அப்படியல்ல. கார் பத்து மாதங்களாகக் கோயம்புத்தூரில் நிற்கிறது, திரும்பிப் போகும் எண்ணமும் உங்களுக்கு இல்லை. பலர் அறியாத இன்னொரு கடமையும் உண்டு: முகவரி மாறிய 30 நாட்களுக்குள், புதிய முகவரி எந்தப் பதிவு அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 49ஆவது பிரிவு கூறுகிறது. அது உங்கள் விஷயத்தில் ஏற்கெனவே கடந்துவிட்டது.

அந்த 12 மாத அவகாசத்தை வரிக்கான சலுகைக் காலமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது பதிவெண்ணை மாற்றுவதற்கான கெடு. தமிழ்நாட்டு மோட்டார் வாகன வரிச் சட்டம், 1974, மாநிலத்துக்குள் பயன்படுத்தப்படும் அல்லது பயன்படுத்துவதற்காக வைக்கப்பட்டிருக்கும் வண்டிகள் மீது வரி விதிக்கிறது. இந்த இரண்டு கணக்குகளும் எங்கே மோதிக்கொள்கின்றன என்பதற்கு பெங்களூருவே உதாரணம்: பிற மாநில வண்டிகள் 30 நாட்களுக்கு மேல் தங்கினால் ஆயுட்கால வரி கட்ட வேண்டும் என்று கர்நாடகம் 2014இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, வேலைக்காக வந்து குடியிருந்த ஏராளமானோர் அதனால் தவித்தனர், 2016 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஓரிரு மாதம் தங்கிச் செல்பவருக்கு இத்தகைய வாதங்கள் துணை நிற்கலாம். நிலையாகக் குடியேறிவிட்ட உங்களுக்கு அவை கேடயமாகா. எஞ்சியிருக்கும் இரண்டு மாதங்களில் வேலையைத் தொடங்கி முடித்துவிடுங்கள்.

முதல் வேலை, பெங்களூருவில் உங்கள் வண்டி பதிவான அலுவலகத்தில் தடையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி. வாங்குவது. மத்திய அரசின் போக்குவரத்துச் சேவை இணையதளமான பரிவாகனில் படிவம் 28க்கான விண்ணப்பத்தை இங்கிருந்தே தொடங்கலாம். அதற்கு முன் அந்த நகரப் போக்குவரத்துக் காவல்துறையின் அபராதம் ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துக் கட்டிவிடுங்கள். எப்போதோ சிக்னலில் கேமராவில் பதிவான ஒரு சிறு அபராதம்கூட விண்ணப்பத்தை அப்படியே நிறுத்திவிடும். கடன் பாக்கி இருப்பதால் வங்கியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் வேண்டும். கடன் நிலுவையில் இருக்கும்போது வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றவே முடியாது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. வங்கி ஒப்புக்கொண்டால் மாற்றலாம், கோயம்புத்தூரில் தரப்படும் புதிய ஆர்.சி.யிலும் அதே வங்கியின் அடமானக் குறிப்பு தொடரும்.

படிவம் 28இல் ஒட்டுவதற்கு சேசிஸ் எண்ணின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் அடையாள எண்ணின் பென்சில் பதிவு தேவைப்படும். பல கார்களில் முன் இருக்கையின் அடியில் தரைவிரிப்பை விலக்கினால், உலோகத்தில் பொறித்த 17 எழுத்துகளும் இலக்கங்களும் தெரியும். அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை அதன்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தால் பொறித்த எண் வெள்ளையாக எழுந்து வரும். சிறுவயதில் காசின்மேல் தாள் வைத்துத் தேய்த்த அதே முறைதான். அந்தத் தாளை ஆர்.சி.யோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவரின் ஆர்.சி.யில் எட்டு என்ற இலக்கம் ஆங்கில ‘பி’ எழுத்தாகப் பதிவாகியிருந்தது. ஆறு ஆண்டுகள் அதை யாரும் கவனிக்கவில்லை. இங்கே நேரடி ஆய்வின்போது வண்டியிலிருந்த எண்ணும் சான்றிலிருந்த எண்ணும் ஒத்துப்போகாததால், அந்த ஒரே எழுத்தைத் திருத்துவதற்காக அவர் பழைய ஊருக்கு மூன்று முறை போய்வர நேர்ந்தது. அந்த அலைச்சலைக் கண்ணால் பார்த்த பிறகு இந்தச் சோதனையை யாருக்கும் சொல்லாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

சான்று தருவதற்கு முன், அந்த வண்டி திருட்டு வழக்கில் தொடர்புடையதல்ல என்று காவல்துறையின் அறிக்கையைப் பெற வேண்டும் என்றும், வரி உள்ளிட்ட பாக்கிகள் இல்லையென்று சரிபார்க்க வேண்டும் என்றும் 48ஆவது பிரிவு அலுவலகத்தைப் பணிக்கிறது. அதே பிரிவு உங்களுக்கும் ஒரு பாதுகாப்பைத் தருகிறது: விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் சான்றைத் தரவேண்டும், அல்லது காரணத்தை எழுத்தில் கூறி மறுக்க வேண்டும், இரண்டும் நடக்காவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருதப்படும். அந்த நிலையில், விண்ணப்பம் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டுடன், மறுப்பு எதுவும் வரவில்லை என்ற உங்கள் உறுதிமொழியையும் இணைத்துப் புதிய ஊரில் விண்ணப்பிக்கச் சட்டம் இடமளிக்கிறது. எனவே ஒப்புகைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

என்.ஓ.சி. வந்த பிறகு ஆறப்போடுவது பெரும் தவறு. சான்று வழங்கப்பட்டதும் அந்த விவரம் வண்டிப் பதிவுகளுக்கான ‘வாகன்’ என்ற அரசுத் தரவுத்தளத்தில் ஏறிவிடும். பழைய அலுவலகத்தில் முகவரி மாற்றமோ, ஆர்.சி. நகலோ, பெயர் மாற்றமோ எதுவும் செய்ய முடியாது. வண்டியும் நீங்களும் இங்கே, காகிதம் மட்டும் நடுவழியில் என்ற நிலையில் விபத்தோ விற்பனையோ நேர்ந்தால் அலைச்சல் இரட்டிப்பாகும்.

கோயம்புத்தூரில், உங்கள் வீடு எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எல்லையில் வருகிறது என்பதை என்.ஓ.சி. விண்ணப்பத்திலேயே சரியாகக் குறிப்பிட வேண்டும், டி.என். 37, 38 என ஒரே மாநகருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. புதிய பதிவெண் கேட்கும் படிவம் 27, தடையின்மைச் சான்று, அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றுடன் வண்டியையும் ஆய்வாளர் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். புதிய எண் கிடைத்தபின் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைப் பொருத்தி, இன்சூரன்ஸிலும் ஃபாஸ்டேக்கிலும் எண்ணை மாற்றிவிடுங்கள்.

கட்டணங்கள் சிறியவை, பெரிய செலவு வரிதான். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதங்களின்படி தமிழ்நாட்டில் புதிய காரின் விலை 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13 சதவீதம், 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் ஆயுட்கால வரி. பிற மாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு அதன் வயதைக் கணக்கிட்டு இந்த விகிதம் குறையும். ஒவ்வோர் ஆண்டும் வயது கூடக்கூட வரி குறையுமே என்று தள்ளிப்போட நினைப்பவர்களும் உண்டு. முதல் பதிவுத் தேதி ஆர்.சி.யிலும், நீங்கள் இங்கே குடியேறிய தேதி வாடகை ஒப்பந்தம், ஆதார், வேலை ஆணை என்று பல இடங்களிலும் பதிவாகியிருக்கும்போது அந்தக் கணக்கு நிலைக்காது.

பி.எச். வரிசை உங்களுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. அது 2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புப் படையினர், மத்திய, மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவனத்தினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கானது. ஏற்கெனவே பதிவான வண்டிகளையும் அதற்கு மாற்றலாம் என்று 2022 டிசம்பரில் விதி திருத்தப்பட்டது. ஆனால் அதில் வரியே இல்லை என்று பரவலாக நம்புவது தவறு. ஆயுட்கால வரிக்குப் பதிலாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரி கட்டிக்கொண்டே போக வேண்டும். மூன்று ஆண்டுக்கொரு முறை ஊர் மாறுகிற ராணுவ வீரருக்கோ வங்கி அதிகாரிக்கோ அது உண்மையிலேயே பெரிய வரம். சொந்த ஊரில் பெற்றோருடன் குடியேறிவிட்ட உங்களுக்கு அதனால் ஆதாயமில்லை.

வரி குறைவான இடத்தில் யாரோ ஒருவரின் முகவரியைக் காட்டி வண்டியைப் பதிவு செய்யலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் செவிகொடுக்காதீர்கள். புதுச்சேரி முகவரியில் பதிவாகிக் கேரளத்தில் ஓடிய விலையுயர்ந்த கார்கள் மீது 2017இல் எழுந்த வழக்குகளைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பொய்யான ஆவணங்களால் பெற்ற பதிவை ரத்து செய்ய 55ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்களுக்கு உரிய பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டி மாநிலத்தை விட்டு வெளியேறிவிட்டதால், 2021இல் நீங்கள் கர்நாடகத்துக்குக் கட்டிய ஆயுட்கால வரியில் எஞ்சிய காலத்துக்கான பகுதியைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அதற்குக் கோயம்புத்தூரில் புதிய பதிவெண் பெற்று வரி கட்டிய சான்றைக் காட்டியாக வேண்டும் என்பதால், இந்த விண்ணப்பம் கடைசியில்தான் வரும். அதற்குள் பலர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தொகை உங்கள் உழைப்பின் பணம், விடாதீர்கள். பழைய ஆர்.சி.யை இங்கே ஒப்படைப்பதற்கு முன் அதன் இரு பக்கங்களையும், என்.ஓ.சி.யையும், 2021இல் வரி கட்டிய ரசீதையும் தெளிவாக நகலெடுத்து ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.