50,000 ரிங்கிட்டில் மின்சாரக் கார் வருமா?

சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயத்து வீட்டில் இருப்பவருக்கு 50,000 ரிங்கிட்டில் மின்சாரக் கார் கிடைக்குமா, அது எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். வரும் என்றே நம்புகிறேன். 2025 அக்டோபரில் புரோட்டோன் இ.மாஸ் 5 வந்தபோதே தொடக்க விலை 60,000 ரிங்கிட்டுக்குள் இறங்கிவிட்டது.

விலையைத் தீர்மானிப்பது பேட்டரிதான். அதன் கொள்ளளவை ‘கிலோவாட் மணி’ என்ற அலகில் அளப்பார்கள்; 2024இல் அந்த ஓர் அலகின் உலகச் சராசரி விலை 115 அமெரிக்க டாலர். 30 கிலோவாட் மணி பேட்டரிக்கே ஏறக்குறைய 15,000 ரிங்கிட் போய்விடும். ஆகவே சிறிய நான்கு கதவு வண்டி, நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 200 கிலோமீட்டர் சொச்சம் ஓட்டம் என்பது என் ஊகம். ஈப்போ 30 கிலோமீட்டர்தானே, போய்வரத் தாராளமாகப் போதும்.

எனக்குக் கவலை வேறு. பேட்டரி வண்டியின் அடியில் இருக்கிறது. செம்பனை லாரிகள் பள்ளம் பறித்த செம்மண் பாதையில் அடி தட்டினால் செலவு பெரிது. தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முதலில் கேளுங்கள். அடுத்தது வீட்டு வயரிங். சாதாரண மூன்று முனை பிளக்கில் இரவெல்லாம் சார்ஜ் ஏறும்போது பழைய சாக்கெட் சூடேறி, ஓரம் பழுப்பாகக் கருகலாம். உரிமம் பெற்ற மின் பணியாளரிடம் காட்டித் தனி வயர் இழுத்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

உள்நாட்டில் பொருத்தப்படும் மின்சாரக் கார்களுக்கான வரிவிலக்கு 2027 இறுதிவரை என்று அறிவிக்கப்பட்டது. மலிவு வண்டி அதற்குள் வருவதே நமக்கு நல்லது.