பன்னாட்டுப் பள்ளியில் நீடித்த நிலைத்தன்மையைச் செயல்திட்டங்கள் வழியாகக் கற்பிப்பது எப்படி?

புதிதாக ஒரு பன்னாட்டுப் பள்ளியில் சேர்ந்திருப்பதாகவும், 11 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் செயல்திட்டங்களை நடத்தும் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மரக்கன்று நடுவது, சுவரொட்டி வரைவது தாண்டி என்ன செய்யலாம் என்பது உங்கள் கேள்வி. சிங்கப்பூரில் அப்படியொரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன், இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் பதில் ஒன்றுதான்: பள்ளிக்கூடத்தையே பாடமாக்குங்கள். அதன் குப்பை, மின்கட்டணம், தண்ணீர், சாப்பாடு இவையெல்லாம் போதும். நம் பிள்ளைகள் அமேசான் காடு அழிவதைப் பற்றியும் துருவப் பனி உருகுவதைப் பற்றியும் அருமையாகக் கட்டுரை எழுதுவார்கள். ஆனால் மதியம் தட்டில் மிச்சம் வைத்த சோறு எங்கே போகிறது என்று கேட்டால் பதில் வராது. அது அவர்கள் தவறு அல்ல. யாரும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவில்லை.

சிங்கப்பூரில் அந்தச் சோறு போகும் பாதை இது. மற்ற குப்பையோடு சேர்ந்து எரியூட்டும் ஆலைக்குப் போகிறது. அங்கே எரிந்து, பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குகிறது. மிஞ்சும் சாம்பல் படகில் ஏறி செமக்காவ் தீவுக்குப் போகிறது. கடலுக்குள் 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்கரை எழுப்பி உண்டாக்கிய, குப்பைச் சாம்பலைக் கொட்டி நிரப்பும் இடம் அது. 1999இல் தொடங்கியது, நாட்டுக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசே சொல்கிறது. இன்று ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பட்டம் வாங்கும் காலம். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு கை கட்டாயம் உயரும்: "அப்புறம் எங்கே கொட்டுவாங்க?" உங்கள் செயல்திட்டம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.

முதல் வேலை, எடை போடுவது. கேன்டீனில் தட்டு திருப்பித் தரும் இடத்தில் ஒரு மேசை, ஒரு தராசு, நாலைந்து வாளிகள். சோறும் நூடுல்ஸும் ஒரு வாளி, ரொட்டி ஒரு வாளி, காய்கறி, பழம், எலும்பு என்று தனித்தனி. பிள்ளைகளே கையுறை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். முதல் நாள் மூக்கைப் பொத்துவார்கள். மூன்றாம் நாள் சண்டை போட ஆரம்பிப்பார்கள்: "ஏன் இவ்வளவு ஆரஞ்சு உரிக்காமலே வருது?" எங்கள் பள்ளியில் அப்படித்தான் நடந்தது. கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, வீணாவதில் பெரும்பகுதி சின்னப் பிள்ளைகளின் தட்டிலிருந்து வந்தது. ஏன் என்று இரண்டு மாணவிகள் ஒரு வாரம் கேன்டீனில் உட்கார்ந்து கவனித்தார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் குட்டிகளின் கண் முழுக்க விளையாட்டுத் திடலில் இருந்தது. சீக்கிரம் சாப்பிட்டு முடித்தால் கூடுதலாக விளையாடலாம். ஆரஞ்சை உரிக்க யாருக்குப் பொறுமை?

அமெரிக்கப் பள்ளிகளில் இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். விளையாட்டு நேரத்தை முன்னாலும் சாப்பாட்டைப் பின்னாலும் வைத்தால் பிள்ளைகள் காயும் பழமும் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். எங்கள் மாணவிகள் அதையும் தங்கள் எடைக் கணக்கையும் எடுத்துக்கொண்டு தொடக்கப் பிரிவுத் தலைமையாசிரியையிடம் போனார்கள். அடுத்த பருவத்தில் கால அட்டவணை மாறியது, வாளி இலேசானது. "உணவை வீணாக்காதே" என்று நூறு சுவரொட்டி ஒட்டியிருந்தாலும் இது நடந்திருக்காது. பிரச்சினை பிள்ளைகளின் மனதில் இல்லை, மணி அடிக்கும் நேரத்தில் இருந்தது. அதைத் தன் கையால் எடை போட்டுக் கண்டுபிடித்த பதின்மூன்று வயதுப் பெண், ஓர் அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதை அதன் பிறகு மறக்க மாட்டாள்.

அடுத்தது உரக்குழி. எல்லாப் பள்ளிகளும் இதைச் செய்து பார்க்கின்றன, பெரும்பாலானவை நாற்றம் தாங்காமல் மூடிவிடுகின்றன. எங்கள் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துக் கரிமம் 30 பங்கு, நைட்ரஜன் 1 பங்கு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். ஆனாலும் தொட்டி புளித்த வாடை அடித்தது. தோட்ட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே, ஏன் இப்படி ஆகுது?" என்று தமிழில் கேட்டேன். "சோறு மட்டும் போட்டா புளிக்கத்தான் செய்யும் டீச்சர். ஒரு கூடை சோத்துக்கு மூணு கூடை சருகு போடணும். வாரம் ரெண்டு தடவை பொரட்டி விடணும். மூச்சு விடாம எது உயிரோட இருக்கும்?" என்றார். பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர்கள் அவரையே கூட்டிவந்து செய்து காட்டச் சொன்னார்கள்.

எங்கள் வளாகத்தில் தூங்குமூஞ்சி மரங்கள் அதிகம். சின்னச் சின்ன இலை, தினமும் கூடை கூடையாக உதிரும். அதுவரை அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சருகைக் கலந்து புரட்டியதும் குவியலுக்குள் சூடு ஏற ஆரம்பித்தது. நீளமான வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் 60 டிகிரியைத் தொடும். பக்கத்தில் நெருப்பில்லை, மின்சாரம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்று மூச்சு விடும் வெப்பம் அது. ஒரு பையன் கையை மேலே வைத்துப் பார்த்துவிட்டு "மிஸ், இது உயிரோட இருக்கு" என்று கத்தினான். செல் சுவாசம் பற்றி நான் நடத்திய எந்தப் பாடமும் இவ்வளவு ஆழமாகப் போய் இறங்கியதில்லை.

இதிலிருந்து நான் உறுதியாகச் சொல்வது ஒன்று. எந்தத் திட்டம் ஆரம்பித்தாலும் முதலில் துப்புரவு ஆன்ட்டிகள், தோட்டக்காரர்கள், கேன்டீன்காரர்கள், கட்டடப் பராமரிப்பு அலுவலர் ஆகியோரோடு பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசவையுங்கள். மூன்று நிறத்தில் புதுத் தொட்டி வாங்கி வரிசையாக வைத்துவிட்டால் பெற்றோருக்குக் காட்டப் படம் நன்றாக வரும். ஆனால் சாயங்காலம் மூன்றையும் ஒரே பையில் கொட்டுவதா, தனித்தனியாகக் கொண்டுபோவதா, கொண்டுபோனால் எங்கே வைப்பது என்பதெல்லாம் அந்த ஆன்ட்டியின் கையில்தான் இருக்கிறது. அவர் வேலைப்பளு கூடினால் திட்டம் நிலைக்காது, நிலைக்கவும் கூடாது. பன்னாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் வீட்டிலும் வேலைக்கு ஆள் இருக்கும் சூழலில் வளர்கிறவர்கள். தங்கள் குப்பையைத் தொடுகிறவர்கள் யார் என்று தெரிந்துகொள்வது பாடத்தின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும். எனக்கு இதில் சமரசம் கிடையாது.

ஏசிக்கு வருகிறேன். வெப்பநாட்டுப் பன்னாட்டுப் பள்ளிகளில் மின்கட்டணத்தின் பெரிய பங்கு இதுதான். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நல்ல கணக்கு. ஒரு வகுப்பறை ஏசி மணிக்கு 2 யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 அறைகளில் பள்ளி முடிந்தபிறகு 2 மணி நேரம் ஆளில்லாமல் ஓடினால் நாளுக்கு 160 யூனிட். சிங்கப்பூர் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.4 கிலோ கரியமில வாயு. ஆக, நாளுக்கு 64 கிலோ. ஒரு மரம் ஓராண்டு முழுக்க உறிஞ்சுவதைவிட அதிகம், ஒரே சாயங்காலத்தில். மரக்கன்று நடுவதை நான் குறை சொல்லவில்லை. எதற்கு எவ்வளவு எடை என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அறை அறையாகப் போய் எது ஓடுகிறது என்று குறித்து, பராமரிப்பு அலுவலரிடம் தானாக அணையும் நேரக்கருவி கேட்டு வாங்கும் வேலையை ஒன்பதாம் வகுப்பே செய்யலாம்.

மழைநீர்த் தொட்டி வைப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கும்வரை ஒரு வாரம் போதும். சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியம் கொசுப்புழுவைக் கண்டால் அபராதம் போடும். மூடி, மெல்லிய வலை, வாராந்திரச் சோதனைப் பட்டியல் இம்மூன்றும் இல்லாமல் தொட்டி வைக்காதீர்கள். அந்தச் சோதனையையும் பிள்ளைகளே செய்யட்டும். ஒரு நல்ல காரியம் இன்னொரு பிரச்சினையை உண்டாக்கலாம் என்பதும் அவர்கள் கற்க வேண்டியதுதான்.

வெளியே உதாரணம் தேடினால் எல்லோரும் பாலித் தீவின் கிரீன் ஸ்கூலைக் காட்டுவார்கள். 2008இல் ஜான் ஹார்டி, சிந்தியா ஹார்டி தம்பதி தொடங்கியது, முழுக்க மூங்கில் கட்டடங்கள். அந்தக் கட்டடத்தைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள், அது நமக்கு வாய்க்காது. அங்கே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரித்து, அதிலிருந்து எரிபொருள் எடுத்துப் பள்ளிப் பேருந்தை ஓட்டும் திட்டத்தை மாணவர்கள் உண்டாக்கினார்கள். அது எந்த ஊரிலும் யோசித்துப் பார்க்கக்கூடியது. அதைவிட முக்கியம், அங்கே படித்த மெலாத்தி, இசபெல் வைசன் சகோதரிகள். 2013இல் அவர்களுக்கு வயது 12, 10. மண்டேலா, காந்தி போன்றவர்களைப் பற்றிய பாடம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள், நாம் இப்போதே என்ன செய்யலாம் என்று யோசித்து, பாலியில் பிளாஸ்டிக் பையை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். கையெழுத்து வாங்கினார்கள், ஆளுநரைச் சந்திக்க உண்ணாவிரதம்கூட இருந்தார்கள். 2019இல் பாலியில் தடை நடைமுறைக்கு வந்தது. அவர்களால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது, பலர் உழைத்தார்கள். ஆனால் பிள்ளைகள் எடுத்த வேலையை ஆறு ஆண்டு விடாமல் பிடித்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் பள்ளிகளில் கஷ்டமே அங்கேதான். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வேலை மாற்றல் வந்தால் பிள்ளை இரண்டு மூன்று ஆண்டில் வேறு நாட்டுக்குப் போய்விடுவாள். ஆசிரியர்களும் ஒப்பந்தம் முடிந்து கிளம்பிவிடுவார்கள். ஆரம்பித்தவள் போனதும் உரக்குழியில் புல் முளைக்கும். அதனால் முதல் நாளிலிருந்தே கைமாற்றுவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் கையால் எழுதும் ஒரு பதிவேடு இருக்கட்டும்: தேதி, எடை, வெப்பநிலை, என்ன கெட்டுப்போனது, எப்படிச் சரிசெய்தோம். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவரும் ஏழாம் வகுப்பிலிருந்து ஒருவரைப் பழக்க வேண்டும் என்று விதி வையுங்கள். அப்புறம், வெற்றி பெற்றதைப் பள்ளியின் நடைமுறையிலேயே எழுத வையுங்கள். ஏசி நேரக்கருவி பராமரிப்புப் பட்டியலில் ஏறிவிட்டால் நீங்களும் நானும் போனாலும் அது ஓடும்.

மதிப்பெண் விஷயம். ஐபி (இன்டர்நேஷனல் பக்கலாரியேட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம்) பள்ளி என்றால் கதவுகள் நிறையத் திறந்திருக்கின்றன. தொடக்கப் பிரிவில் எக்ஸிபிஷன், நடுப்பிரிவில் பர்சனல் புராஜெக்ட், டிப்ளமாவில் சிஏஎஸ் (படைப்பு, உடற்செயல், சேவை) திட்டம். சிஏஎஸ் திட்டம் குறைந்தது ஒரு மாதம் ஓட வேண்டும் என்கிறார்கள், நான் அதை ஓராண்டாக இழுப்பேன். சுற்றுச்சூழல் அமைப்புகளும் சமூகங்களும் என்ற பாடம் எடுப்பவர்கள் உள் மதிப்பீட்டுக்கு உரக்குவியலையே எடுத்துக்கொள்ளலாம், அளவீடுகள் தயாராக இருக்கின்றன. நான் பார்ப்பது அழகான ஸ்லைடுகளை அல்ல. முதலில் என்ன அளந்தாய், எதை மாற்றினாய், பிறகு அளந்தபோது என்ன வந்தது, வரவில்லை என்றால் ஏன். மாற்றம் வராத திட்டத்துக்கு, காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தால், முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சேவைப் பயணம் என்று விமானத்தில் வேறு நாட்டுக்குப் போய்ச் சுவருக்கு வண்ணம் பூசிவிட்டு வரும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. பயணத்தின் எரிபொருள் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள், போவதா வேண்டாமா என்று அவர்களே விவாதிக்கட்டும். என் கருத்து, பக்கத்தில் இருப்பது முதலில்.

உங்கள் ஊர் எது என்று நீங்கள் எழுதவில்லை. சென்னை என்றால் பெருங்குடிக் குப்பைக்கிடங்கும் அதை ஒட்டிய பள்ளிக்கரணை சதுப்புநிலமும் உங்கள் முதல் பாடமாக இருக்கலாம். வேறு ஊர் என்றால், பள்ளியின் குப்பை வண்டி எங்கே போகிறது என்று ஓட்டுநரிடம் கேளுங்கள், மின்கட்டண ரசீதை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டும் கையில் வந்ததும் இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள். நாங்கள் பயன்படுத்தும் எடைப் பதிவேட்டின் மாதிரியை அனுப்புகிறேன்.