‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள்

கேள்வி: பெங்களூரில் ஒரு டிகிரி காலேஜில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல். கன்னடம் தட்டுத்தடுமாறித்தான் வரும். வகுப்பில் 60 பேர். போர்டில் எழுதுவதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ‘புரிந்ததா?’ என்றால் தலையாட்டுகிறார்கள். கேள்வி கேட்டால் முதல் பெஞ்சில் இரண்டு பேர் மட்டும் பதில் சொல்கிறார்கள். இன்டர்னல் பேப்பர் திருத்தும்போதுதான் எதுவும் போய்ச் சேரவில்லை என்று தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ‘புரிந்ததா?’வை விட்டுவிடுங்கள், சகோதரி. அதற்குத் தலையாட்டாமல் வேறென்ன செய்ய முடியும்? ‘புரியவில்லை’ என்று 60 பேர் நடுவில் எழுந்து சொல்லத் தைரியம் வேண்டும். ஆங்கிலத்தில் சொல்ல இன்னும் வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. தப்பாகிவிடுமோ என்ற பயம்தான் வாயைக் கட்டுகிறது.

அதனால் பாதி வகுப்பாவது தப்பாகச் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று கூட்டிக்கொண்டே போனால் தொகை ஓர் எண்ணுக்குள் அடங்குமா, எல்லையில்லாமல் வளருமா? பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டினாலும் 14.4-ஐத் தொடாது என்பதையும் சொல்லுங்கள். பலர் ‘அடங்கும்’ என்றுதான் நினைப்பார்கள். ஒவ்வொருவரும் தன் விடையை நோட்டில் எழுதட்டும், கை தூக்கட்டும். அப்புறம் இரண்டு மூன்று நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடட்டும். கன்னடமோ தமிழோ தெலுங்கோ உருதோ, அவர்களுக்கு வருகிற மொழியில் பேசட்டும். உங்களுக்குக் கன்னடம் தடுமாறுவது இங்கே ஒரு குறையே இல்லை. மறுபடி கை தூக்கச் சொல்லுங்கள், எத்தனை பேர் மாறியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதன் பிறகு போர்டுக்குப் போங்கள்: 1/3-ம் 1/4-ம் சேர்ந்தால் அரைக்கு மேல், அடுத்த நான்கு உறுப்புகளும் அரைக்கு மேல், அடுத்த எட்டும் அப்படியே. இப்படி அரை அரையாகக் கூடிக்கொண்டே போவதால் தொகை எல்லையில்லாமல் வளரும். 14-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஒரேம் தந்த நிரூபணம் இது. ஒரு பக்கம் எடுத்து வாதாடியவர் இதைக் கேட்கிற விதமே வேறாக இருக்கும்.

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஜூர் 1990-களில் வளர்த்தெடுத்த முறை இது. கணிதத்துக்கும் நன்றாகப் பொருந்தும்.

கேள்வி கேட்டதும் பொறுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பள்ளி வகுப்புகளில் அளந்து காட்டினார். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காதவர்களும் பேசினார்கள். கல்லூரிக் கணிதத்துக்கு அதைவிடவும் கூடுதல் நேரம் கொடுங்கள். முதல் பெஞ்ச் இருவரையும் கடைசியில் பேசச் சொல்லுங்கள்.

போர்ஷன் என்னாவது என்பீர்கள். ஒரு மணி நேரத்துக்கு இப்படி ஒரு கேள்வி போதும். நீளமான நிரூபணங்களை ஜெராக்ஸாகக் கொடுத்துவிட்டால், எழுதி எழுதி அழிக்கும் நேரம் மிச்சமாகும். எச்.ஓ.டி. தயங்கினால் 2014-ல் வந்த ஆய்வைச் சொல்லுங்கள்: அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், விரிவுரை மட்டுமே கேட்ட மாணவர்கள் ஃபெயிலாகும் வாய்ப்பு, வகுப்பில் தாங்களும் பங்கெடுத்துக் கற்றவர்களோடு ஒப்பிட்டால் ஒன்றரை மடங்கு இருந்தது.

பிள்ளைகளே ‘மேடம் பாடம் எடுப்பதில்லை’ என்று முணுமுணுக்கவும் கூடும். மனம் தளராதீர்கள். 2019-ல் வெளியான ஒரு ஹார்வர்ட் ஆய்வில், தாங்களே போராடிக் கற்றவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களும் அவர்கள்தான். இதை முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. தப்பான விடை சொன்னவரிடம் ‘எப்படி யோசித்தாய்?’ என்று கேட்பீர்கள் அல்லவா, சரியாகச் சொன்னவரிடமும் அதையே கேளுங்கள். தப்பானால் மட்டும்தான் மேடம் குடைவார் என்று ஆகிவிட்டால், மறுபடி தலையாட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.