டாக்டரிடம் கேளுங்கள்: ரிப்போர்ட்டில் 410... பிழைப்பாரா?

கேள்வி: டாக்டர், என் மைத்துனர் பருத்திக்கு மருந்து அடிக்கும்போது முதுகில் மாட்டிய டேங்க் ஒழுகி, நனைந்த சட்டையோடவே மத்தியானம் வரை வேலை பார்த்திருக்கிறார். சாயங்காலம் வாந்தி, வாயில் நுரை. இப்போது ஐ.சி.யு. ரத்தத்தில் கோலினெஸ்டிரேஸ் 410தானாம், 5,000-க்கு மேல் இருக்கணுமாம். நாலு நாளாகியும் ஏறவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு 2,000-க்கு மேல் இருந்தும் இறந்துபோனார். இந்த எண்ணை நம்பலாமா? (பெரம்பலூர் வாசகர்)

பதில்: விஷம் ஏறியிருக்கிறதா என்று கேட்டால் அந்த எண் சரியாகச் சொல்லும். பிழைப்பாரா என்று கேட்டால், பூச்சிமருந்தின் பெயர் தெரியாமல் அதற்கு அர்த்தமே இல்லை.

ஆர்கனோபாஸ்பரஸ் என்கிற இந்த வகைப் பூச்சிமருந்து நரம்பு முனையில் இருக்கும் கோலினெஸ்டிரேஸ் என்ற நொதியை (என்சைமை) முடக்குகிறது. நம் ஊர் லேபில் பெரும்பாலும் அளப்பது அதை இல்லை, கல்லீரலில் உற்பத்தியாகி ரத்தத்தில் ஓடுகிற அதன் பங்காளியை. சில மருந்துகள் பங்காளியை முடக்கிவிட்டு அசலை ஓரளவு விட்டுவிடும், சில நேர்மாறு. இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவை நோயாளிகளைப் பார்த்து 2008-ல் வெளியான ஆய்வில் இது பளிச்சென்று தெரிந்தது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தில் இறந்தவர்கள் எல்லாருக்கும் வரும்போதே 600-க்குக் கீழ், ஆனால் பிழைத்தவர்களிலும் பெரும்பாலோருக்கு 600-க்குக் கீழ்தான்! ஃபென்தியான் என்ற இன்னொன்றில் இறந்தவர்களில் பலருக்கோ அளவு அதற்கு மேலே இருந்தது. பக்கத்துக் கட்டில் கதைக்கும் இது காரணமாக இருக்கலாம். அதனால் தயவுசெய்து வயலில் கிடக்கும் அந்த டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், "ஏதோ பூச்சிமருந்து" என்று சொன்னால் அவருக்கு எதுவும் பிடிபடாது.

அளவு ஏறவில்லையே என்ற கவலை வேண்டாம். விஷம் வெளியேறிய பிறகு கல்லீரல் புதிதாகச் செய்தால்தான் அது ஏறும், அதுவும் நாளைக்கு ஏழு சதவீதம் போல. தினமும் அதை எடுக்கச் சொல்லி நச்சரிக்காதீர்கள், காசுதான் போகும்.

நாங்கள் பார்ப்பது வேறு: வரும்போது நினைவு இருந்ததா, மூச்சு எப்படி, பிரஷர் எவ்வளவு, நெஞ்சில் சளிச் சத்தம் அடங்க அட்ரோபின் என்ற முறிவு மருந்து எவ்வளவு தேவைப்பட்டது. முதல் நாள் தேறி உட்கார்ந்தவருக்குக்கூட ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் தசை தளர்ந்து மூச்சு நின்றுபோகலாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், வென்டிலேட்டர் தேவைப்படலாம். கொழுப்பில் தங்கும் மருந்தாக இருந்தால் நாலு நாள் தாண்டியும் கவனம் வேண்டும்.

கேள்வி: வருஷா வருஷம் மருந்து அடிக்கிறவர்கள் இந்த டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் மருந்தே தொடாத மாதத்தில் ஒருமுறை எடுத்து வைத்திருந்தால்தான் பிரயோஜனம், ஏனென்றால் இயல்பான அளவே ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும். கலிபோர்னியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது: அவரவர் சொந்த அளவில் சிவப்பணு நொதி (நரம்பு முனையில் இருக்கும் அசலேதான்) 70 சதவீதத்துக்கோ, பிளாஸ்மா நொதி (மேலே சொன்ன பங்காளி) 60 சதவீதத்துக்கோ இறங்கினால் அந்த வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டும். இங்கே நீங்களாகப் போய்த்தான் எடுக்கணும், இரண்டு முறையும் ஒரே லேபில் எடுங்கள்.